ஐபி கட்டளை: வளவு வீட்டு நெட்வொர்க்கில் எப்படி வேலை செய்கிறது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் தங்கும் விடுதியாக மாறிய பழைய வளவு (உள்முற்றம்) வீடுகளில், பில் போடும் லினக்ஸ் மெஷினுக்கு கேபிளும் இருக்கும், வைஃபையும் இருக்கும். கனத்த சுவர் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும். நெட் நின்றதும் பழி மோடத்தின் மேல்தான். கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுப்பதில் ‘ஐபி’ (ip) கட்டளை அருமையான கருவி; லினக்ஸ் டெர்மினலில் தட்டினால் நெட்வொர்க் நிலையைக் காட்டும், மாற்றும். இதே வேலைக்கான பழைய ‘இஃப்கான்ஃபிக்’ (ifconfig) கட்டளையை தாராளமாகக் கைவிடலாம்.

முதலில் ‘ஐபி லிங்க்’ (ip link), இணைப்புகளின் நிலையைக் காட்டும். ‘நோ கேரியர்’ (கேபிளில் சிக்னல் இல்லை) என்று வந்தால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் பாருங்கள், செட்டிங்கைத் தொடவேண்டாம். அடுத்து ‘ஐபி ரூட்’ (ip route), தகவல் எந்த வழியாகப் போகும் என்ற பட்டியல். ‘டிஃபால்ட்’ (வெளியே போகும் பொது வழி) என்று தொடங்கும் வரி இல்லையென்றால் மோடம் வரை பிங் போகும், அதற்கு வெளியே போகாது. அப்படி இரண்டு வரி இருந்தால் சிறிய மெட்ரிக் எண்தான் (வழியின் முன்னுரிமை எண்) ஜெயிக்கும். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாக கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கிறது. நெட் உண்மையில் வருகிறதா என்று அது பார்க்கும் இணைப்புச் சோதனை அணைந்திருந்தால், கேபிள் பக்கத்து லைன் செத்துக் கிடந்தாலும் எல்லாம் அதிலேயே போய் முட்டும், வைஃபை சும்மா இருக்கும். ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8’ (கடைசியில் இருப்பது கூகுளின் ஒரு பொது முகவரி) போட்டால் எந்த வழி என்று உடனே தெரியும்.

பெரிய குறை ஒன்று உண்டு. ‘ஐபி’ கட்டளையால் மெஷினுக்கு முகவரி கொடுக்கும்போது கடைசியில் /24 (நெட்வொர்க்கின் அளவு) விட்டுப்போனால், எச்சரிக்காமல் /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும், என்று எடுத்துக்கொள்ளும். பிறகு கேட்வே (வெளியே போகும் வாசல், இங்கே மோடம்) சேர்த்தால் ‘இன்வேலிட் கேட்வே’ என்று மறுக்கும். காரணம் சொல்லாது. ரீபூட் ஆனால் போட்டதெல்லாம் போய்விடும், நிரந்தரமாக்க நெட்வொர்க் மேனேஜரின் ‘என்எம்சிஎல்ஐ’ (nmcli) கட்டளை வேண்டும். லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வைத்திருப்பவர்கள் வழிப்பட்டியலுக்கு ‘நெட்ஸ்டாட் -ஆர்என்’ (netstat -rn) பாருங்கள்.