ஹாஃப் கேப் சப்பாத்து: 8 மாசம் போட்டு ஓட்டுன பிறகு எழுதுறேன்

பினாங்குல ஸ்கேட்போர்ட் ஓட்டுறவங்க யாராச்சும் வேன்ஸ் கம்பெனியோட ஹாஃப் கேப் சப்பாத்து வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தா இத படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நான் வாரத்துக்கு 3 நாளு, வேலை முடிஞ்சதும் தண்ணீர்மலை கோயில் பக்கம் இருக்குற யூத் பார்க்ல போயி இருட்டுற வரைக்கும் ஓட்டுறவன். 8 மாசமா இந்த ஒரே ஜோடிதான்.

வாங்குனதுக்கு காரணம் கணுக்கால். கிக்ஃபிலிப், அதான் குதிச்சு பலகைய காலால சுண்டி சுத்த விடுற ட்ரிக், போடும்போது கால் சரியா விழலன்னா பலகை சுத்தி வந்து அந்த எலும்புல டக்குன்னு ஒரு அடி அடிக்கும் பாருங்க, உயிரு போயிட்டு திரும்பி வரும். முன்னாடி தாழ்ந்த சப்பாத்துதான் போட்டேன், ரெண்டு கணுக்காலும் எப்பவும் நீலம் பாஞ்சு கெடக்கும். ஹாஃப் கேப் அந்த எலும்ப மட்டும் மூடுற உயரம், உள்ள மெத்துன்னு பஞ்சு வச்சிருக்கு, அடி பட்டாலும் சத்தம் கேக்குமே தவிர வலி பெருசா தெரியல. அதுக்காக கால திருப்ப முடியாத அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறதும் இல்ல.

இந்த உயரம் வந்த கதை எனக்கு ரொம்ப புடிச்ச கதை. கேப்னா ஸ்டீவ் கபாலெரோ, ஸ்கேட்போர்ட் ஓட்டுற ப்ரோ. கலிஃபோர்னியா சான் ஹோசே ஆளு, 1964ல பொறந்தவரு, மெக்சிகோ ஜப்பான் ரெண்டு வம்சமும் கலந்த குடும்பம், முதுகெலும்பு வளைஞ்ச உடம்பு, ஆனா அந்த உடம்ப வச்சிக்கிட்டே பவல் பெரால்டாங்குற பலகை கம்பெனியோட போன்ஸ் பிரிகேட் டீம்ல டோனி ஹாக், ரோட்னி முல்லன் கூடல்லாம் ஓட்டுனவரு. 1980ல பின்பக்கமா உருண்டு வந்து பலகைய கையால தொடாம 360 டிகிரி சுத்துற ட்ரிக்க கண்டுபுடிச்சாரு, அதுக்கு அவர் பேரையே வச்சு கபாலேரியல்னு சொல்றாங்க. அதுல பாதி, 180 டிகிரி சுத்துனா, அதான் ஹாஃப் கேப்.

1989ல வேன்ஸ் அவர் பேர்ல ஒரு சப்பாத்து விட்டுச்சு, கணுக்காலுக்கு மேல நல்லா ஏறுன ஹை டாப். அப்போ எல்லாரும் பெரிய ராம்ப்ல, அதான் வளைஞ்ச சறுக்கு மேடைல, ஓட்டுன காலம், அதுக்கு அது சரியா இருந்திச்சு. ஆனா 90 வந்ததும் ராம்ப் ஒவ்வொன்னா மூடிட்டாங்க, பசங்க தெருவுக்கு வந்துட்டாங்க, படிக்கட்டு, கைப்பிடி, திண்டுன்னு கண்ணுல பட்டதுலல்லாம் ஏறுனாங்க. தெருவுல ஓட்ட கணுக்கால் நல்லா மடங்கணும், அந்த உயரம் எடைஞ்சலா போச்சு. பசங்க என்ன பண்ணாங்க, கத்தரிக்கோல் எடுத்து மேல் பாதிய வெட்டிட்டு டேப் ஒட்டி போட்டுக்கிட்டாங்க. கபாலெரோ அத பாத்துட்டு கோவப்படல, தன்னோட சப்பாத்தையும் அதே மாதிரி வெட்டி கம்பெனிக்கே காட்டுனாரு, 1992ல ஹாஃப் கேப் வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் விக்குது. ப்ரோ ஸ்கேட்டருக்கு தன் பேர்ல வர்ற பலகையும் சப்பாத்தும்தான் சோறு போடுது, உடம்பு ஓஞ்சதும் அந்த பேரும் மறைஞ்சிரும், பெரும்பாலும் அப்படித்தான். 30 வருசம் தாண்டியும் இவர் பேரு நிக்குதுன்னா தெருவுல இருந்த பசங்க காலப் பாத்து கத்துக்கிட்டதாலதான்னு நான் நெனைக்கிறேன்.

பார்க்ல ஒரு பையன் கேட்டான், "அண்ணே, இது எங்க தாத்தா போடுற சப்பாத்து மாதிரி இருக்கு லா." அவன உக்கார வச்சு இந்த கதைய முழுசா சொன்னேன். கேட்டு முடிச்சிட்டு குனிஞ்சு தைச்ச எடத்தல்லாம் ஒவ்வொன்னா தடவிப் பாத்தான்.

இப்ப என் சப்பாத்து எப்படி இருக்குன்னா, வலது கால்ல சுண்டுவிரல் பக்கம், ஓலி, அதான் கையால தொடாம பலகையோட எகிறுறது, அடிக்கும்போது பலகை மேல ஒட்டியிருக்குற சொரசொரப்பான கிரிப் டேப்புல உரசுற எடம், அங்க ஸ்வேட் தோல் தேஞ்சு வழுவழுன்னு பளபளக்குது, 6வது மாசம் ஒரு நகம் அளவுக்கு ஓட்டை விழுந்துச்சு, பசை தடவி அடைச்சேன், இன்னும் தாங்குது. கேன்வாஸ் போட்ட காலத்துல எனக்கு ஒரு மாசத்துலயே விரல் வெளிய தெரியும். அடிப்பாகம் மெலிசா இருக்குறதால பலகை காலுக்குக் கீழ எங்க இருக்குன்னு நல்லா தெரியும், அந்த கட்டம் போட்ட வாஃபிள் சோல் பிடியும் கெட்டி. பெரிய படிக்கட்டுலருந்து குதிக்கிறவங்க உள்ள ஒரு மெத்தை வாங்கி வச்சிக்கிறது நல்லது.

மழை விசயம் முக்கியம், நம்ம ஊரு சாயங்கால மழைய பத்தி சொல்லவே வேணாம். ஸ்வேட் எதுவா இருந்தாலும் நனைஞ்சா கவனமா காய வைக்கணும். ஒரு தடவ எங்கம்மா பாசத்துல நடு வெயில்ல வச்சிட்டாங்க, அப்பளம் மாதிரி வெறச்சிருச்சு, ப்ரஷ் போட்டு தேச்சு வழிக்கு கொண்டு வர 3 நாளாச்சு. உள்ள பேப்பர் அடைச்சு காத்தாடிக்கு கீழ வைங்க, போதும்.

ஆன்லைன்ல பாதி வெலைக்கு பாத்து ஏமாறாதீங்க. நான் மொத ஜோடிய அப்படித்தான் ஒரு ஆளுகிட்ட வாங்குனேன், பேரு வேணாம், போலி, ரெண்டே வாரத்துல அடி ரப்பர் வாய் பொளந்திருச்சு, அதுக்கப்புறம் மெசேஜுக்கு பதிலே இல்ல. கூட 100 வெள்ளி ஆனாலும் பரவால்ல, நேர்ல கடைக்கு போயி போட்டு பாத்து வாங்குங்க, அதுவும் சாயங்காலமா, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஓட்டும்போது போடுற அதே தடிச்ச ஸ்டோக்கிங்க போட்டுக்கிட்டு.