சலமாங்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஸ்பானிஷ் படிப்பது: நீண்ட நாள் தங்குவோருக்கான குறிப்புகள்

இரண்டு வாரம் தங்கியவர்கள் எழுதும் விமர்சனத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். வீட்டம்மா அன்பானவர், சாப்பாடு பிரமாதம், ஐந்து நட்சத்திரம். ஒரு கல்வியாண்டு முழுக்கத் தங்கும்போதுதான் வெந்நீர், மின்சாரம், முகவரிப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஸ்பெயினின் சலமாங்காவில் 1218-லிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறு போடுவது அங்கே நன்கு பழகிய தொழில். அதனால் இந்தக் குறிப்புகள் அந்த ஊரை வைத்தே.

முதலில் வீட்டைத் தேர்ந்தெடுப்பது. அறையின் அளவையும் ஜன்னலையும் விசாரிப்பதற்கு முன், சாப்பாட்டு மேஜையைப் பற்றிக் கேளுங்கள். மொழி வளர்வது அங்கேதான். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், பெரும்பாலும் இரண்டரைக்கு. சாப்பிட்டு முடித்தும் எழாமல் பேசிக்கொண்டிருக்கும் அரைமணி, முக்கால்மணி நேரத்துக்கு சோப்ரமேசா என்று பெயர். வீட்டார் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, அல்லது தட்டை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுகிறார்களா என்பதை நீங்கள் சேரும் மொழிப் பள்ளியின் தங்குமிடப் பிரிவில் நேரடியாகக் கேட்கலாம். கூடவே, வீட்டில் எத்தனை மாணவர்கள், அவர்களின் தாய்மொழி என்ன என்பதையும். நான்கு மாணவர்கள் இருக்கும் வீடு விடுதிதான். மேஜையில் ஆங்கிலம்தான் ஓடும். ஒரே மாணவர், வீட்டில் ஒரு பாட்டி என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு உணவா, அரை உணவா என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. வெளியே மதிய மெனு 12 முதல் 15 யூரோ. இரண்டு திட்டத்துக்கும் நாளொன்றுக்கு உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் முழு உணவே லாபம். அரை உணவு என்றால் பல வீடுகளில் காலையும் இரவும் மட்டும். சோப்ரமேசா கைவிட்டுப் போகும். வகுப்பு இரண்டு மணிக்கு முடிகிறதென்றால் வீடு இருபது நிமிட நடைக்குள் இருக்கட்டும். சுற்றுலா போகும் நாளில், முந்தின இரவே சொன்னால் ஃபாயிலில் சுற்றிய போகாடில்யோ என்ற சாண்ட்விச் தயாராக இருக்கும். காலையில் சொன்னால் முகம் சுளிப்பார்கள், அது நியாயம்தான்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் பலருக்கு அது மாட்டிறைச்சி, கோழி, பன்றித்துண்டு வரைதான். உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ஹமோன் தனிக் கணக்கு. பக்கத்து ஊரான கிஹுவேலோ அதற்கே பேர்போனது. சாலட்டில் டூனா மீன் வரும். ஆர்முன்யா பயறு இந்த மாகாணத்தின் பெருமை, சுவையும் அருமை. ஆனால் அதே பானையில் சோரிசோ என்ற பன்றி சாசேஜ் வேகும். துண்டை எடுத்துப் போட்டுவிட்டு "இப்போது சைவம்தான்" என்று பரிமாறுவார்கள், துளியும் கெட்ட எண்ணம் இல்லாமல். பத்தாத்தாஸ் மெனேயாஸ் என்ற மசித்த உருளைக்கிழங்கில் பொரித்த பன்றிக்கொழுப்பு கிடக்கும். ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஓர்னாசோ வெளியிலிருந்து பார்க்க ரொட்டி போலத்தான் தெரியும், உள்ளே முழுக்கப் பன்றி. கிறிஸ்துமஸ் மன்டெகாடோ இனிப்பில்கூடப் பன்றிக்கொழுப்பு. ஆகவே பட்டியலாகவே சொல்லுங்கள்: இறைச்சி, மீன், ஹமோன், சோரிசோ, டூனா, எலும்புச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம். எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாலும் தப்பில்லை. முட்டை சாப்பிடுபவருக்கு வாழ்க்கை எளிது. தோர்தில்யா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட், கொண்டைக்கடலையும் கீரையும் போட்ட குழம்பு, ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் தடவிய டோஸ்ட் என்று வாரம் ஓடிவிடும். காரம் மட்டும் கிடைக்காது. ஒரு டப்பா பருப்புப்பொடி கொண்டுபோவது புத்திசாலித்தனம். அதற்கு அடுப்பு வேண்டாம். அடுப்படி பெரும்பாலும் வீட்டம்மாவின் எல்லை, ஒப்பந்தத்திலும் சமையல் உரிமை இருக்காது.

அறையில் இண்டக்‌ஷன் ஸ்டவ் வைத்து ரசம் காய்ச்சலாம் என்று திட்டமிட்டால் அதைக் கைவிடுங்கள். பல வீடுகளின் ஒப்பந்த மின்திறன் 3.45 அல்லது 4.6 கிலோவாட்தான். ஓவனும் துணி மெஷினும் ஓடும்போது 2 கிலோவாட் ஸ்டவ்வைப் போட்டால் மொத்த வீடும் இருட்டாகும். ஹேர் டிரையரே சில நேரம் இந்த வேலையைச் செய்துவிடும். நேரத்துக்கேற்ற மின்கட்டணம் உள்ள வீடுகளில் வார நாள்களில் காலை 10 முதல் 2 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் யூனிட் விலை உச்சம். நள்ளிரவு முதல் காலை 8 வரையும் சனி ஞாயிறும் மலிவு. துணி மெஷின் ஏன் சனிக்கிழமை மட்டும் ஓடுகிறது என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். நம் ஊர் மூன்று முள் பிளக் அந்தச் சாக்கெட்டில் நுழையாது. அடாப்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

குளியல்தான் நம்மவர்களுக்கும் வீட்டாருக்கும் முதல் உரசல். தண்ணீர் வாளியில் பிடித்து ஊற்றும் பழக்கத்தில் தொட்டிக்கு வெளியே சிந்தினால், அங்கே தரையில் வடிகால் இல்லை. ஓரத்து இடுக்கில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டாகத் தெரியும். திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக் குளிக்க வேண்டும். மின் கொதிகலன் 50 லிட்டர் என்றால் இரண்டு பேர் சுருக்கமாகக் குளிக்கலாம், மீண்டும் முழுதாகச் சூடேற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பூட்டேன் சிலிண்டர் வீட்டில் தலையில் ஷாம்பு இருக்கும்போது வாயு தீரும், அது விதி. ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மத்திய வெப்பமூட்டல் உள்ள கட்டடங்களில் அது குறித்த மணி நேரங்களில் மட்டுமே ஓடும். எந்த மணி முதல் எந்த மணி வரை என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்தால் வீட்டம்மா தினமும் எச்சரிப்பார்.

காகித வேலை சுருக்கமாக. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் உள்ளே நுழைந்த ஒரு மாதத்துக்குள் டிஐஇ என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இஎக்ஸ்-17 படிவம், 790 எண் படிவத்தில் 012 கோடின் கீழ் கட்டிய கட்டண ரசீது, புகைப்படம், கைரேகைக்கு முன்பதிவு. நாள் கிடைப்பதே பெரும்பாடு. வந்த வாரமே தேடத் தொடங்குங்கள். சிக்கல் வருவது முகவரிப் பதிவில். நகராட்சியில் எம்பாத்ரோனாமியெந்தோ என்ற இந்தப் பதிவைச் செய்ய வீட்டுக்காரரின் கையெழுத்து தேவை. சிலர் வரிக்குப் பயந்து தயங்குவார்கள். பணம் கட்டும் முன்பே "பதிவுக்குக் கையெழுத்துப் போடுவாரா" என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

இனி மொழி. முதல் இரண்டு மாதம் வேகமாக ஏறும், பிறகு நின்றுவிடும். வீட்டாருக்கு உங்கள் தப்பும் தவறுமான பேச்சு பழகிவிடுவதே காரணம். வினைச்சொல்லைக் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாற்றாமல் அப்படியே போட்டாலும் புரிந்துகொண்டு உப்பை நகர்த்தித் தருவார்கள், திருத்த மாட்டார்கள். பொதுவாக "திருத்துங்கள்" என்று கேட்டால் மூன்று நாளில் மறந்துவிடுவார்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: இந்த வாரம் இறந்தகாலம் மட்டும். மூன்று மணிக்கு வரும் தொலைக்காட்சிச் செய்தியைக் கூடவே உட்கார்ந்து பார்த்து, ஒரு செய்தியைப் பாட்டியிடம் திருப்பிச் சொல்வது எந்தப் பாடப்புத்தகத்தையும்விடப் பலன் தரும். பாட்டிக்கு மட்டும் முதலில் "உஸ்தே" என்ற மரியாதை வடிவம். மற்றவர்களைப் பெயர் சொல்லி "தூ" என்று அழைப்பதே வழக்கம். நம் நாக்கு கூசும், ஆனாலும் பழகத்தான் வேண்டும்.

டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி2 நிலை எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு குழு. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வேண்டும். குடும்பத்தோடு தங்கியவர்களுக்கு இரண்டாவது குழு கைவந்த கலை, சறுக்குவது முதலில். சாப்பாட்டு மேஜையில் யாரும் 150 முதல் 180 சொல்லில் முறையான கடிதம் எழுதுவதில்லை. வாரம் இரண்டு எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். வீட்டம்மாவிடம் காட்டினால் "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்.