ஆப்ட் "முடியாது" என்று சொல்லும்போது: டெபியன் அனுபவம்

ஜெஸ்ஸி பதிப்பு வெளியான 2015-இலிருந்து டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) நிறுவித் தரும் கருவி ஆப்ட். பேக்கேஜ் பதிப்புகள் ஒன்றோடொன்று மோதும்போது அது நடந்துகொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தேவையான பதிப்பு கிடைக்காவிட்டால் அரைகுறையாக நிறுவாமல் மறுத்துவிடும். ஏன் மறுக்கிறது என்று சொல்வதில்தான் குறை. பழைய சால்வர் (எந்தப் பதிப்புகள் ஒத்துப்போகும் என்று கணக்கிடும் பகுதி) மேல்மட்டக் காரணத்தை மட்டும் காட்டும். உண்மையான முடிச்சு நாலு படி கீழே இருக்கும்.

விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் ஒயினை நிறுவும்போது இது நன்றாகத் தெரியும். அதற்குச் சில நூலகங்களின் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புகளின்) 32-பிட், 64-பிட் வடிவங்கள் இரண்டும் வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். டெபியனுக்கு வெளியே உள்ள ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) ஒன்று 64-பிட் நூலகத்தை மட்டும் புதுப்பித்திருந்தால் போதும், ஒயின் நுழையாது. பிழைச்செய்தியோ சம்பந்தமில்லாத பெயர்களை அடுக்கும். என் கணினியில் இப்படி நின்றபோது 'ஆப்ட் பாலிசி' கட்டளைதான் வழி காட்டியது. எந்தப் பதிப்பு எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். அந்த வெளி ரெப்போவை நீக்கி, நூலகத்தை டெபியனின் பதிப்புக்கே இறக்கினேன். ஒயின் உடனே ஏறியது.

வெளி ரெப்போ கட்டாயம் தேவையென்றால் பின்னிங் செய்யுங்கள், அதாவது ரெப்போக்களுக்கு முன்னுரிமை எண் கொடுங்கள். சாதாரண ரெப்போவின் முன்னுரிமை 500, புதிய பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் பேக்போர்ட்ஸுக்கு 100. வெளி ரெப்போவுக்கும் 100 கொடுத்தால், அது தானாக டெபியனின் பேக்கேஜ்களை மாற்றாது. நாம் கேட்டதை மட்டும் தரும். 1000 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் ஆப்ட் பதிப்பை இறக்கவும் தயங்காது, அதனால் அந்த எண்ணில் கவனம் தேவை.

2024-இல் 32-பிட் கட்டமைப்புகளின் நேரக் கணக்கை 64-பிட்டுக்கு மாற்றியபோது, டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளில் ஏராளமான நூலகங்களின் பெயரே மாறியது. அந்த நாட்களில் தேவைப்பட்டால் பேக்கேஜ்களை நீக்கியும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேட் கட்டளையைக் கொடுத்தால் பாதி டெஸ்க்டாப்பை நீக்கட்டுமா என்று கேட்கும். வெறும் அப்கிரேட் எதையும் நீக்காது; அதோடு நிறுத்திக்கொண்டு காத்திருப்பதே சரி. நீக்கப்படும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' (ஆம்) அழுத்தவே கூடாது.

ஆப்ட் 3.0-இல் அறிமுகமான புதிய சால்வர், முரண்படும் முடிவுகளை அவற்றின் காரணச் சங்கிலியோடு காட்டுகிறது. அதனால், ஒரு பேக்கேஜை ஏன் நிறுவ முடியாது என்று விளக்கும் ஆப்டிட்யூட் கருவியின் 'ஒய்-நாட்' கட்டளையை நான் இப்போது அரிதாகவே தேடுகிறேன். பைத்தான் நூலகங்களுக்கு மட்டும் ஆப்டை நம்பாமல், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வென்வ் (பிரித்து வைக்கப்பட்ட பைத்தான் சூழல்) வைத்துக்கொள்கிறேன்.