கைக்கெட்டும் தூரத்தில் இந்தியன் ஓஷன்

டெல்லி ராக் குழுவான இந்தியன் ஓஷனின் கச்சேரி. நின்று பார்க்க 999 ரூபாய். உட்கார்ந்து பார்க்க மேஜைக்கு 4,000, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் கழித்துக்கொள்வார்களாம். நானும் அக்கா மகனும் நிற்கும் கோஷ்டி. பெங்களூரில் ஒரு மூன்றாவது மாடி. இருநூறு பேர் ஏறினால் மூச்சு முட்டும். இடத்தின் பெயர் வேண்டாம், திட்டப்போகிறேன்.

2001-ல் கோவை ஹாஸ்டலில் இவர்களுடைய ‘கண்டீசா’ கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவள் நான். அந்தத் தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேயிக் மொழி வழிபாட்டுப் பாடல். எங்கள் அறையில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது. கோட்டயத்துக்காரி ஒருத்தி மட்டும், “இது எங்க பள்ளியில பாடுறது” என்றாள். இப்படியும் ஒரு ஸ்கூலா என்று பொறாமைப்பட்டோம். மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம் என்று புரியவே ஒரு வாரம் ஆனது.

2009-ல் குழுவின் பாடகர் அசீம் சக்ரவர்த்தி இறந்துபோனார். தபலாவும் வாசித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து பாடும் மனுஷன். 2013-ல் கிட்டார் சுஷ்மித் சென்னும் விலகினார். அதோடு நான் அவர்கள் கச்சேரிப் பக்கமே போகவில்லை. வீம்புதான், வேறென்ன. “சித்தி, நீங்க கேசட்டுலயே இருங்க, நான் டிரம்ஸ் பாக்கப் போறேன்” என்று பையன் கிளம்பியதால்தான் நானும் கிளம்பினேன்.

எட்டு மணி என்றார்கள், ஆரம்பித்தபோது 9:10. லிஃப்ட் ஓடவில்லை. ஏசி இருந்தது, காற்று மட்டும் வரவில்லை.

முண்டியடித்து முன்வரிசையைப் பிடித்தோம். அது தப்பு. சின்ன அறையில் டிரம்ஸ் ஸ்பீக்கர் வழியாக மட்டும் வருவதில்லை, தோலிலிருந்து நேராக முகத்தில் வந்து அறைகிறது. பாடுகிறவர் குரலைச் சுமக்கும் ஸ்பீக்கர்களோ இரண்டு ஓரத்தில், நம் தலையைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்து நிற்கின்றன. மூன்று பாட்டுக்கு வாயசைவுதான் தெரிந்தது. பையன் காதில் ரப்பர் அடைப்பானோடு ஜாலியாக இருந்தான். பிறகு மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். சவுண்ட் ஆளின் காதுக்கு எது சரியோ அதுதானே அங்கே கிடைக்கும்? குரல், பேஸ் கிட்டார், கிட்டார் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் நேராக அங்கேயே போய் நில்லுங்கள்.

அங்கிருந்தும் மேடை இருபதடிதான். அமித் கிலாம் டிரம்ஸை விட்டுவிட்டு கப்குபியை எடுத்தார். கேசட்டில் அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் ஏதோ கீபோர்டு என்றே நினைத்திருந்தேன்! ஒரு பக்கம் தோல் கட்டிய சின்னக் குடுவை; அதைக் கக்கத்தில் இடுக்கி, உள்ளேயிருந்து வரும் நரம்பை ஒரு கையால் இழுத்து இழுத்து மறுகையால் மீட்டுகிறார். இழுப்புக்கு ஏற்றபடி சுருதி வழுக்குகிறது. பெரிய மைதானத்தில் இதெல்லாம் எங்கே தெரியும்?

அதைவிட அந்தக் கண்ஜாடைகள். பாட்டை எங்கே நீட்டுவது, எங்கே முடிப்பது என்பதெல்லாம் புருவத்திலேயே நடக்கிறது. ஓரிடத்தில் துஹீனின் தபலா நிற்க மறுத்து இன்னொரு சுற்றுப் போக, ராகுல் ராம் சிரித்துக்கொண்டே பேஸோடு பின்னால் ஓடினார்.

அவர் நச்சியலில் கார்னெல் பல்கலைக்கழகத்து டாக்டர் பட்டம் வாங்கியவர், நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். நர்மதைக்கு ரேவா என்றும் பெயர். ‘மா ரேவா’ அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பாட்டு. அது மெல்ல அடங்கும் இடத்தில் பார் கவுண்டரில் ஒரு புண்ணியவான் மிக்ஸியைப் போட்டான். ஐஸ் அரைகிற சத்தம். 999 ரூபாயைத் திருப்பிக் கேட்கத் தோன்றியது அப்போதுதான்.

கடைசியில் கண்டீசா. ஹிமான்ஷு ஜோஷியின் குரல் சாஸ்திரீயப் பழக்கம் தெரியும் கணீர்க் குரல், அசீமுடையதில் இருந்த மண் இதில் இல்லை. நிகில் ராவின் கிட்டாரும் வேறு ரகம். சுஷ்மித் வாசித்தால் எனக்கு சரோத் வாத்தியம் ஞாபகம் வரும்; இவர் வாசிப்பது கிட்டார்தான், கிட்டாராகவே இருக்கிறது. முதல் இரண்டு நிமிஷம் மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே நின்றேன். அப்புறம் எல்லோரும் சேர்ந்து அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பாட, எனக்கு முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பீட்டை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

குழுவுக்கு முழு மதிப்பெண். இடத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் அந்தச் சவுண்ட் ஆளுக்காக.

கடைசி மெட்ரோ போய்விட்டிருந்தது. ஆட்டோக்காரர் 450 கேட்டார், பேரம் பேசத் தெம்பில்லை. காது வீடு வரை ரீங்கரித்தது. பையன் ஏதோ கேட்டான், உதடுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை கத்தினான்: “சித்தி, அந்தக் கேசட் இன்னும் இருக்கா?”