கனவு இல்லமா, பிரதமர் வீடா? பெயரை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடிசையில் இருப்பவருக்கு இரண்டு வழி: 2016 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஊரக வீடு திட்டம், 2024-25 மாநில பட்ஜெட்டில் வந்த கலைஞரின் கனவு இல்லம். மேடையில் சண்டையெல்லாம் பெயரைப் பற்றித்தான்.

முதலில் யார் பணம் எவ்வளவு என்ற கணக்கை முடித்துவிடலாம். பிரதமர் வீட்டுக்குச் சமவெளியில் அடிப்படைத் தொகை 1.20 லட்சம். 60:40 விகிதத்தில் மத்திய அரசு 72,000, மாநிலம் 48,000. இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் மாநிலம் தனியாக இன்னொரு 1.20 லட்சம் தருகிறது. ஆக 2.40 லட்சத்தில் 1.68 லட்சம் மாநிலப் பணம். 'பெயர் அவர்களுடையது, காசு நம்முடையது' என்று தி.மு.க. தரப்பு சொல்வது இதை வைத்துத்தான். கழிப்பறைக்கு 12,000, நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலி என்று சேர்பவற்றில் மத்திய நிதியே அதிகம் என்பது பா.ஜ.க. தரப்பின் பதில். இரண்டும் உண்மை. வீடு கட்டுகிறவருக்கு இரண்டாலும் ஒரு செங்கல் கூடப் போவதில்லை.

கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. பிரதமர் வீட்டுக்குச் சமையலிடம் சேர்த்துக் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. கழிப்பறைப் பணம், 90 நாள் கூலியைச் சேர்க்காமல் வகுத்துப் பார்த்தால் எதிலும் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய் தேறாது. அந்த விலைக்கு எந்த ஊர்க் கொத்தனாரும் கட்டித் தரமாட்டார். மிச்சம் வட்டிக்கு வாங்கிய பணம்தான்.

பணத்தைவிடப் பெரிய வித்தியாசம், யார் உள்ளே வரலாம் என்பதில் இருக்கிறது. பிரதமர் வீட்டின் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பிறந்தது. விடுபட்டவர்களைப் பிறகு சேர்த்தார்கள். பைக் இருந்தாலோ ஃபிரிட்ஜ் இருந்தாலோ பெயர் நீக்கப்படும் என்ற விதி 2024 வரை இருந்தது. இருபது கிலோமீட்டர் தள்ளிக் கட்டட வேலைக்குப் போகிறவன் பைக் இல்லாமல் எப்படிப் போவான்? இப்போது அந்த இரண்டும் நீங்கி, மாத வருமான வரம்பும் 10,000-லிருந்து 15,000 ஆகியிருக்கிறது.

கனவு இல்லத்தில் இந்தத் தொல்லை இல்லை: குடியிருப்பது குடிசையா, மனைக்குப் பட்டா உண்டா என்பதுதான் முக்கியம். ஆனால் ஒழுகுகிறதே என்று கடன் வாங்கி ஓலையைப் பிரித்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர் இதில் வரமாட்டார். 2011 கணக்கெடுப்பின் வகைப்பாட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் 'உறுதியான கூரை'. மண் சுவர், தகரக் கதவு, மேலே நாலு ஷீட்: இரண்டு திட்டத்துக்கும் அவர் வசதியானவர். தன்னால் ஆனதைச் செய்துகொண்டவரைத் தள்ளிவைப்பதுதான் இரண்டிலும் உள்ள பெரிய ஓட்டை. இதை எந்த மேடையிலும் பேசக் காணோம்.

இரண்டு பட்டியலிலும் பெயர் வரக்கூடியவர் கனவு இல்லத்தை எடுப்பதே நல்லது. தொகையும் அதிகம், இடமும் அதிகம்.

எதை எடுத்தாலும் சறுக்கும் இடங்கள் ஒரே மாதிரிதான். பட்டா தாத்தா பெயரிலோ கூட்டாகவோ இருந்தால் பணி ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இ-சேவை மையத்தில் உட்பிரிவுக்கு, அதாவது உங்கள் பங்கைத் தனிப் பட்டாவாகப் பிரிக்க, மனுப் போடுங்கள். சர்வேயர் வந்து அளப்பதற்குள் மாதங்கள் ஓடும். அடுத்தது அஸ்திவாரம். 'எப்படியும் கட்டுகிறோம், இன்னொரு ரூம் சேர்த்துக்கொள்ளலாம்' என்று 500 சதுர அடிக்குத் தோண்டினால், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்துவிடும். பேஸ்மட்டம், லிண்டல், கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாகப் படம் பிடித்து ஏற்றினால்தான் தவணை வரும் என்பதால், நின்ற சுவருக்கு அடுத்த தவணை வராது. கூடுதல் அறை வேண்டுமென்றால் படிக்கட்டுக்கும் அறைக்குமாக வீட்டுக்குப் பக்கத்தில் மனையில் இடம் விட்டுவையுங்கள்; முதல் வீட்டின் கடைசித் தவணை வங்கியில் ஏறியபிறகு தொடலாம்.