செட் பண்ணித் தந்த மைனிங் மெஷின், எழுதித் தந்த 24 சொல்: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாக்காரர்கள் கவனத்துக்கு

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக நம் பக்கம் வந்து, பிட்காயின் மைனிங் மெஷின் (கணக்குப் போட்டுப் புது பிட்காயின் சம்பாதிக்கும் கருவி), ஹார்டுவேர் வாலட் (காயினின் சாவியைப் பத்திரமாக வைக்கும் குட்டிக் கருவி), பழைய கிராபிக்ஸ் கார்டு எல்லாம் விற்கிற ஒரு கடை இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் என்று பல ஊர்களில் அவர்களிடம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் வாலட்டிலிருந்து 0.019 பிட்காயின் போய்விட்டது. அன்றைய விலைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். மெஷினுக்குக் கொடுத்த 28,000 தனி.

2024 டிசம்பரில் பிட்காயின் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்கப்புறம் டீக்கடையில்கூட இதே பேச்சுதான். அந்தச் சமயத்தில்தான் இவர்கள் வந்தார்கள். என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் இருப்பதைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணா, உங்களுக்கு கரண்ட் ஃப்ரீங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பிளக்கைச் சொருகினா போதும், எல்லாம் நாங்களே செட் பண்ணித் தந்துடறோம்."

இந்த 'செட் பண்ணித் தர்றோம்' தான் அவர்களுடைய மொத்த வியாபாரமும். மெஷினிலும் அதுதான் கோளாறு, வாலட்டிலும் அதுதான்.

முதலில் மெஷின். தந்தது ஆன்ட்மைனர் எஸ்9. 2016-ல் வந்த மாடல். கெட்ட மெஷின் இல்லை, அந்தக் காலத்தில் ராஜா. 13.5 டெராஹாஷ் வேகம் (ஹாஷ் என்பது மெஷின் போடும் ஒரு கணக்கு, டெராஹாஷ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி), கிட்டத்தட்ட 1,350 வாட் கரண்ட். ஒரு நாள் முழுக்க ஓடினால் 32 யூனிட். என் 3 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் தருவதே நாளைக்கு 12 யூனிட் பக்கம்தான். மீதி இருபது யூனிட் கேரள மின்வாரியமான கேஎஸ்இபி கணக்கில்தான் ஏறும். தமிழ்நாட்டுக் கடைக்காரருக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: கேரளத்தில் வீட்டு இணைப்பு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான ரேட் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் ரேட். மீட்டர் பார்க்க வந்தவர் அளவைப் பார்த்துவிட்டு, வெல்டிங் பட்டறை ஏதாவது ஆரம்பித்திருக்கிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

வருமானம் நாளைக்கு 450 ரூபாய் என்று லேப்டாப்பில் ஒரு கணக்கைக் காட்டினார்கள். கணக்கு பொய் இல்லை, பழசு. பிட்காயினில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு), நாளைக்கு 144. அதை முடித்துத் தருகிற மைனருக்குப் பரிசு உண்டு. 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகக் குறைந்த பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின், ஆக நாளைக்கு 450 பிட்காயின். அதை உலகம் முழுக்க ஓடும் மெஷின்கள் தங்கள் வேகத்துக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2025 தொடக்கத்தில் அந்த மொத்த வேகம் சுமார் 800 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸா என்றால் பத்து லட்சம் டெரா). அதில் ஒரு எஸ்9-இன் பங்கு, ஒரு பிட்காயின் 85 லட்சம் என்று வைத்தாலும், நாளைக்கு 65 ரூபாய் தேறும். கரண்டுக்கு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும். இதோடு 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிளாக் கண்டுபிடிக்கும் கடினத்தன்மை மாற்றி அமைக்கப்படும். உலகத்தில் மெஷின் கூடக்கூட நம் பங்கு தேயும். யாராவது கணக்குக் காட்டினால் அது எந்தத் தேதிக் கடினத்தன்மையில் போட்டது என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னதை நஷ்ட வியாபாரம் என்று விட்டுவிடலாம். அடுத்தது திருட்டு.

மெஷினின் செட்டிங் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் 13.5 டெராஹாஷ் என்றுதான் காட்டியது. உள்ளே கணக்குப் போடும் மூன்று ஹாஷ்போர்டும் நலம். ஆனால் பூலின் (பலருடைய மெஷின்களைச் சேர்த்து ஓட்டி வருமானத்தைப் பங்கிடும் சேவை) இணையப் பக்கத்தில் 24 மணி நேரச் சராசரி 9-ஐத் தாண்டவே இல்லை. கடைக்குப் போன் செய்தால், "நெட் ஸ்லோ அண்ணா, ரூட்டரை மாத்துங்க" என்றார்கள். மைனிங்குக்கு இணைய வேகம் அவ்வளவாகத் தேவையே இல்லை, மிகக் கொஞ்சம் டேட்டாதான் போய் வரும். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் ரூட்டரில் இணைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தான். மெஷின் இரண்டு இடத்துக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஒன்று என் பூல். இன்னொன்று எங்கள் யாருக்கும் தெரியாத முகவரி. மூன்றில் ஒரு பங்கு உழைப்பு அங்கே போய்க்கொண்டிருந்தது, என் கரண்டில். மெஷினின் செட்டிங்கில் அந்த முகவரி எங்குமே இல்லை, மெஷினின் உள்மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் புதைத்திருக்கிறார்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பார்த்தோம், போகவில்லை. பிரவுசரில் அந்த செட்டிங் பக்கம் வழியாகவே புது ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்த்தோம், ஏற்காமல் தள்ளியது. கடைசியில் கண்ட்ரோல் போர்டில் ஜம்பரை மாற்றி வைத்து, எஸ்டி கார்டிலிருந்து தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரை ஏற்றினான். மறுநாள் பூலிலும் 13-க்கு மேல் வந்துவிட்டது.

பழைய மைனர் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வாங்கும் முன் உங்கள் பூல் கணக்கைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிடச் சொல்லுங்கள். மெஷின் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், பூல் காட்டும் 24 மணி நேரச் சராசரியைப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் எஸ்டி கார்டில் ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றிவிடுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்குத் தகுந்த வயரும் இல்லாமல் சொருக வேண்டாம். சத்தத்தைப் பற்றி நான் சொல்லி நம்ப மாட்டீர்கள், ஒருமுறை நேரில் கேளுங்கள். தூங்கும் அறைக்குப் பக்கத்தில் ஆகவே ஆகாது.

கிராபிக்ஸ் கார்டு விஷயம் சுருக்கமாக. கிராபிக்ஸ் கார்டில் ஈதர் (எத்தீரியத்தின் காயின்) மைனிங் என்று இன்னும் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு எத்தீரியத்தில் மைனிங்கே முடிந்துவிட்டது. அன்று மலை மலையாகக் கழித்துப் போட்ட கார்டுகள்தான் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஆர்எக்ஸ் 580 என்று விற்றது, 580-இன் '2048எஸ்பி' வகை. நிஜ 580-இல் 2304 கோர் இருக்கும். 2048 என்றால் அது 570-இன் சிப்பு, பெயர்தான் 580. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு கொடுத்த ரைசருக்கு (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் துண்டு) ஹார்டு டிஸ்குக்கான சாட்டா வயரிலிருந்து கரண்ட். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் வரை தாங்கும், ரைசர் 75 வாட் வரை இழுக்கலாம். அவன் முனையை எனக்குக் காட்டினான். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின் உள்ளுக்குள்ளேயே உருகி ஒட்டியிருந்தது. வீடு தப்பியது.

இப்போது வாலட். பெரிய அடி இதில்தான்.

2024 ஜூலை 18-ஆம் தேதி காயின் வாங்கி விற்கும் தளமான வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்களைக் கொள்ளையடித்தார்கள். பணம் போட்டவர்கள் மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் நின்றார்கள். நான் வைத்திருந்தது வேறு எக்ஸ்சேஞ்ச், ஆனாலும் பயம் பயம்தானே. எக்ஸ்சேஞ்சில் வைக்காதே, ஹார்டுவேர் வாலட்டில் வை என்று எல்லோரும் சொன்னார்கள். அது சரியான யோசனைதான், இப்போதும் அதையே சொல்வேன். கடைக்காரர் 6,500 ரூபாய்க்கு ஒன்று தந்தார். பிரபலமான கம்பெனிப் பெயர், மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு அட்டை. அட்டையில் லாட்டரிச் சீட்டு மாதிரி வெள்ளிப் பூச்சு. சுரண்டினால் 24 ஆங்கிலச் சொற்கள். கூடவே தமிழில் ஒரு துண்டுச்சீட்டு: 'இந்த 24 சொற்களையும் கருவியில் உள்ளிடவும். யாரிடமும் காட்ட வேண்டாம்.'

யாரிடமும் காட்ட வேண்டாம் என்று அவர்களே அச்சடித்திருந்ததுதான் உச்சம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காயின் அந்தக் குட்டிக் கருவிக்குள் இல்லை. 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து தற்செயலாகப் பொறுக்கிய 24 சொற்களின் வரிசைதான் உங்கள் பணம். அந்த வரிசை யாரிடம் இருக்கிறதோ, அவர் உலகத்தில் எங்கே உட்கார்ந்தும் வேறொரு கருவியில் உள்ளிட்டு எடுத்துக்கொள்ளலாம். பூட்டு விற்கிறவன் மறுசாவியைத் தன் மடியில் முடிந்துகொண்ட கதை. கருவி ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதே இங்கே கேள்வி இல்லை. ஒரிஜினலிலும் இந்த வேலையைச் செய்யலாம். 2018-லேயே இங்கிலாந்தில் இணையச் சந்தையில் லெட்ஜர் கம்பெனி வாலட் வாங்கிய ஒருவர் இதே சுரண்டல் அட்டையில் பணத்தை இழந்த செய்தி வந்திருக்கிறது. ஏழு வருடம் கழித்து அதே வித்தை தமிழ்த் துண்டுச்சீட்டோடு நம் ஊருக்கு வந்திருக்கிறது.

உடனே எடுக்கவும் மாட்டார்கள். மைனிங்கில் வந்த சில்லறை சேர்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்ததை மொத்தமாக மாற்றினேன், அந்த வாரமே ஒரு ராத்திரியில் காலி. எந்த முகவரிக்குப் போனது என்பதை பிட்காயினின் பொதுப் பேரேட்டில் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும்.

நல்ல வாலட் முதல்முறை ஆன் செய்யும்போது சொற்களைத் தானே உருவாக்கித் தன் திரையில் காட்டும். நீங்கள்தான் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள்ளேயே சொற்கள் தயாராக இருந்தால் அந்த வாலட்டில் ஒரு பைசா போடாதீர்கள். டிரெசாரோ லெட்ஜரோ, தயாரிப்பாளரின் தளத்தில் நேரடியாக வாங்குங்கள், ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் போகட்டும். வந்ததும் சிறு தொகை அனுப்பி, கருவியை முழுக்க அழித்து, எழுதி வைத்த சொற்களால் மீட்டுப் பாருங்கள். பணம் திரும்பத் தெரிந்தால்தான் பெரிய தொகை. சொற்களைப் போனில் போட்டோ எடுக்க வேண்டாம். நம் ஊர் மழைக்கும் கரையானுக்கும் காகிதம் எத்தனை வருடம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். எவர்சில்வர் தகட்டில் பொறித்து வையுங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுக்காமல் நீங்களே வெட்ட வேண்டும், அது முக்கியம்.

புகார் கொடுக்கப் போனபோது எல்லைப் பிரச்சினை வந்தது. கடை தமிழ்நாட்டில், நான் கேரளத்தில். ஒரு ஸ்டேஷனில் "அங்கே போங்க" என்றார்கள், அங்கே போனால் "இங்கே எதுக்கு வந்தீங்க" என்றார்கள். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். பிரிவைச் சொன்னதும் பதிந்தார்கள். சைபர் மோசடிக்கு 1930-ஐ உடனே அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் கோவைக்கு அலைய வேண்டாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நான் பாலக்காட்டில்தான் போட்டிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால் அவர்கள் தந்தது பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லாத 'கொட்டேஷன்' சீட்டு. ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம்தான் இப்போது கையில் இருக்கும் சாட்சி. ரொக்கமாகக் கொடுத்தவர்கள் பாடு கஷ்டம்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். லாபத்துக்கு 30 சதவீதம், விற்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ். மைனிங் மெஷின் செலவைக் கழிக்க முடியாது, ஒரு காயினில் பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. இதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அந்தக் கடையில் சுரண்டல் அட்டையோடு வாலட் வாங்கியவர்கள் இதைப் படித்தால், மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அந்தக் கருவியை ரீசெட் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் காயினை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், தற்காலிகமாக எக்ஸ்சேஞ்சுக்கு ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் அட்டை, துண்டுச்சீட்டு, பெட்டி எதையும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 24 சொற்களை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள், எனக்கும் காட்ட வேண்டாம். ஒரே அச்சில் வந்த துண்டுச்சீட்டு நாலு பேரிடம் இருந்தால் வழக்குக்குப் பலம் என்று வக்கீல் சொல்கிறார்.