வாட்டர் செப்பரேட்டர வச்சுக்கவா, கழட்டிப் போடவா? கணவாய்க்கு ரெண்டு பக்கமும் ஓடுற ரெண்டு பழைய டீசல் வண்டி

எங்க அத்தான் புனலூர்ல, நான் செங்கோட்டையில. நடுவுல ஆரியங்காவு கணவாய், சுமார் அம்பது கிலோமீட்டர் ரோடு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாடல் வண்டி, 2003 டீசல், ஏழு சீட்டு, ரெண்டுமே செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. ரெண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்துல ஒரே வியாதி வந்துச்சு. காலையில செல்ஃப் அடிச்சா சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும், பத்து செகண்ட், பதினஞ்சு செகண்ட், அப்புறம் வெள்ளப் புகைய கக்கிட்டு ஸ்டார்ட் ஆகும், ஒருதடவை ஸ்டார்ட் ஆயிட்டா சாயந்திரம் வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. டீசல்ல கலந்த தண்ணியப் பிரிச்சு வைக்கிற வாட்டர் செப்பரேட்டரக் காட்டி ரெண்டு ஊர் மெக்கானிக்கும் சொன்னது ஒரே பதில்தான்: "செப்பரேட்டர்ல ஏர் எடுக்குது, அத தூக்கிப் போட்டுட்டு சாதா ஃபில்டர மாட்டிருவோம்." அத்தான் சரின்னுட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். அதுக்கப்புறம் மூணு சாரல் சீசன் ஓடிருச்சு, ரெண்டு வண்டியும் எப்படி ஆச்சுங்கறத பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்ததைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த சாமான் என்ன வேல செய்யுதுன்னு பாத்துருவோம். டீசல் தண்ணிய விட லேசு, ஒரு லிட்டர் சுமார் 820ல இருந்து 845 கிராம் வரைக்கும்தான் வரும், தண்ணி ஒரு கிலோ. டேங்க்ல இருந்து வர்ற டீசல் கப்புக்குள்ள நுழைஞ்சதும் வேகம் கொறைஞ்சு கீழ இறங்கி மறுபடி மேல திரும்பணும், அந்தத் திருப்பத்துல கனமான தண்ணி அடியிலயே தங்கிரும். அவ்வளவுதான் சூட்சுமம். எங்க வண்டியில மேல ஹேண்ட் பம்ப், நடுவுல ஃபில்டர், அடியில கப்பும், அதுல சேந்த தண்ணிய வடிக்கிற டிரெயின் காக்கும், கப்புக்குள்ள ஒரு மிதவை, தண்ணி ஏறுனா டேஷ்போர்டுல லைட் எரியும். வேற சில பழைய வண்டியில கப்பு தனியா சேசிஸ் பக்கம் தொங்கும்.

எங்க ஊர்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேக்குறவங்க ஜூன், ஜூலைல ஒரு வாரம் இங்க வந்து தங்கிப் பாக்கணும். கணவாய் வழியா காத்து வரும், கூடவே சாரல் வரும், குற்றாலத்துல அருவி விழுற அத்தனை நாளும் இங்க துணி காயாது. ராத்திரி பூரா பாதி டேங்க் காலியா நிக்கிற வண்டிக்குள்ள ஈரக்காத்து குளுந்து தகரத்துல வேர்க்கும், அந்த வேர்வை சொட்டு சொட்டா டீசலுக்கு அடியில போய்ச் சேரும். இருவது வருசம் ஆன வண்டியில டேங்க் மூடி ரப்பரும் காஞ்சு போயிருக்கும், வீல்ல அடிக்கிற தண்ணி அது வழியாவும் எறங்கும். பங்க்லயே தண்ணி கலந்து வர்றதும் உண்டு, அதனால டேங்கர் லாரி இறக்கிட்டு இருக்கப்ப நான் டீசல் போடவே மாட்டேன், அடியில கெடக்குற எல்லாம் அப்பதான் கலங்கி மேல வரும்.

இப்ப கழட்டிப் போடச் சொல்றவங்க பக்க நியாயம். அவங்க சும்மா சொல்லல, அத ஒத்துக்கணும். எங்க வண்டி மாதிரி ரோட்டரி பம்ப் (எஞ்சினுக்குள்ள டீசலப் பீச்சுற நாசிலுக்கு டீசல அழுத்தி அனுப்புற சுழல் வகை பம்ப்) வச்ச வண்டியில டேங்க்ல தனியா மோட்டார் கிடையாது, பம்ப்புக்குள்ள சுத்துற தகடுகதான் (வேன்னு சொல்வாங்க) டேங்க்ல இருந்து இழுக்கணும். அப்போ டேங்க் தொட்டு பம்ப் வரைக்கும் லைன் முழுசும் உறிஞ்சுற பக்கம். உறிஞ்சுற பக்கம் லீக் இருந்தா டீசல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும். கீழ ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஆனா ராத்திரியோட ராத்திரியா லைன்ல இருக்குற டீசல் டேங்குக்குத் திரும்பிப் போயிரும், காலையில பம்ப் வெறுங்காத்த இழுக்கும். செப்பரேட்டர்ல ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம், டிரெயின் காக், சென்சார் இறுகுற இடம், ஹேண்ட் பம்ப்புக்குள்ள இருக்குற டயாஃப்ரம்ங்கற ரப்பர் சவ்வுன்னு காத்து நுழைய நாலஞ்சு வாசல் இருக்கு. கழட்டிட்டா அத்தனையும் ஒரே நாள்ல அடைபடும். அத்தான் வண்டி மறுநாள் காலையில அரை சுத்துல ஸ்டார்ட் ஆச்சு, அவரு ஃபோன் பண்ணி சந்தோசமா சொன்னாரு.

இந்த ரப்பர் சமாச்சாரத்துல இன்னொண்ணு இருக்கு. அமெரிக்காவுல 1993ல சல்ஃபர் கொறைச்ச டீசல் வந்தப்ப பழைய வண்டிகள்ல ஓ-ரிங் ஒழுகுதுன்னு நெறைய கம்ப்ளைண்ட் வந்துச்சு. பழைய டீசல்ல வருசக்கணக்கா ஊறி உப்பிப்போன நைட்ரைல் ரப்பர், புது டீசல்ல ஆரோமேட்டிக்ங்கற ரசாயனம் கொறைஞ்சதும் சுருங்கிருச்சு, அதான் காரணம். நம்ம நாட்டுலயும் 2017 ஏப்ரல்ல எல்லா ஊருக்கும் பிஎஸ் 4ங்கற புகை விதி வந்து சல்ஃபர் 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு), 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்து 10 பிபிஎம். அதுக்கு முன்னாடி மாட்டுன ஓ-ரிங் இன்னும் உங்க வண்டியில கெடக்குதுன்னா அதுகிட்ட இறுக்கத்த எதிர்பாக்குறது நியாயமே இல்ல, மாத்திருங்க. டீசலத் தாங்குற வைட்டான் ரப்பர் ரிங் கெடைச்சா அதையே போடுங்க.

நான் என்ன பண்ணேன்னா, முதல்ல யாரு குத்தவாளின்னு பாத்தேன். ஃபில்டர்ல இருந்து பம்ப்புக்குப் போற ஓஸக் கழட்டிட்டு கண்ணாடி மாதிரி தெரியுற டியூப் ஒரு அடி மாட்டுனேன். ஸ்டார்ட் பண்ணதும் டியூப்ல சோடா பாட்டில் மாதிரி பொடிப்பொடியா குமிழி ஓடுச்சு. அடுத்தது ஒரு கேன்ல சுத்தமான டீசல் எடுத்து பம்ப்புக்கு நேரா குடுத்தேன், குமிழி நின்னுருச்சு, அப்போ பம்ப் நல்லாருக்கு. திரும்ப ஃபில்டர் தலைய, அதாவது ஹேண்ட் பம்ப் இருக்குற மேல் பாகத்த, கப்போட மட்டும் நடுவுல சேத்தேன், குமிழி வந்துருச்சு. ஆக அந்த ஃபில்டர் செட்டுலதான் கோளாறு. பிரிச்சா ஹேண்ட் பம்ப் டயாஃப்ரத்துல முடி மாதிரி ஒரு கீறல், டிரெயின் காக் ஓ-ரிங் சப்பட்டையா கல்லு மாதிரி. ரெண்டையும் மாத்துனேன், டயாஃப்ரம் தனியா கெடைக்காம தலையவே புதுசா வாங்க வேண்டியதாப் போச்சு, செலவு அத்தானுக்கு ஆனதை விட ரெண்டு மடங்கு ஆச்சு. ஆனா காலை ஸ்டார்ட்டிங் அவரு வண்டி மாதிரியே வந்துருச்சு.

இந்த டெஸ்ட் பண்ணாம கழட்டுறவங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும், பாதி வண்டியில குத்தம் செப்பரேட்டர்ல இருக்கவே இருக்காது. நாசிலுக்கு நாசில் போற நூல் சுத்துன சின்ன ரிட்டர்ன் ஓஸ் இருக்கே, அது வெடிச்சிருந்தாலும் இதே மாதிரிதான் காலையில இழுக்கும். மீட்டர் கணக்குல விக்கிற அந்த ஓஸ மாத்திப் பாத்துட்டு அப்புறம் மத்தத யோசிங்க.

முதல் வருசம் ரெண்டு வண்டிக்கும் வித்தியாசமே தெரியல, உண்மையச் சொன்னா அத்தான் வண்டிதான் தொல்லை இல்லாம ஓடுச்சு. நான் சாரல் நாள்ல பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை கீழ குனிஞ்சு வடிச்சுக்கிட்டு இருந்தேன், அவரு பானட்டத் தொறக்கவே இல்ல. வடிக்கிறதுன்னா பெரிய வேலை இல்ல, ஆனா நெறைய பேரு தப்பா பண்றாங்க. காக்க மட்டும் தொறந்தா ஒண்ணும் விழாது, உறிஞ்சுற பக்கம்ல, உடனே தண்ணி இல்லன்னு மூடிருவாங்க. ஒண்ணு ரெண்டு சுத்து தளர்த்திட்டு மேல ஹேண்ட் பம்ப்ப அமுக்கணும், அமுக்க அமுக்க வரும். நான் ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிப்பேன், காலையில வண்டி அசையுறதுக்கு முன்னாடி, ராத்திரி பூரா தெளிஞ்சு கெடக்குறப்ப. ஒரு ஆடி மாசம் பிடிச்சது இன்னும் கண்ணுல நிக்குது: மேல மஞ்சளா டீசல், அடியில ரெண்டு விரல்கடை தண்ணி, ரெண்டுக்கும் நடுவுல கத்தி வச்சு வெட்டுன மாதிரி கோடு, அந்தக் கோட்டு மேல கருப்பா பாசி மாதிரி ஒரு ஆடை. அது அழுக்கு கிடையாது, உயிருள்ள சாமான். தண்ணியும் டீசலும் சேருற எடத்துல பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், டீசலத் தின்னே வளரும், விட்டா ஃபில்டர் பேப்பர அடைச்சிரும், அது விடுற அமிலம் டேங்க் தகரத்தையும் அரிக்கும். அத்தனையும் அன்னைக்கு பாட்டில்ல இருந்துச்சு. அத்தான் வண்டியில அது எங்க போயிருக்கும்னு நெனச்சப்ப எனக்கு மனசு கேக்கல, ஃபோன் பண்ணி சொன்னேன். "நம்ம வண்டி நல்லா ஓடுதுல்லா மாப்ள, அத ஏன் நோண்டணும்"னாரு.

ரெண்டாவது வருசம் கார்த்திகை மாசம், சபரிமலை சீசன், அவரு வண்டி சாமிமார ஏத்திக்கிட்டு ஆரியங்காவு பக்கம் ஏறும்போது இழுவை போச்சு, கொஞ்ச தூரத்துல ஆஃப் ஆகி நின்னுருச்சு. அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே ஆகல. சாமிமார வேற வண்டி பிடிச்சு அனுப்பிட்டு பம்ப்பக் கழட்டி பம்ப் கடைக்குக் கொண்டு போனாங்க, நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரரு மேல் மூடியத் தொறந்ததும் ஒண்ணும் பேசல, எங்க பக்கம் திருப்பிக் காட்டுனாரு. டீசல அமுக்கித் தள்ளுற பிளஞ்சர் தண்டு மேல காப்பிப்பொடி தூவுன மாதிரி துரு. வேன் ஓடுற வளையத்துல நகத்தால தடவுனாலே தட்டுப்படுற கோடு. பிளஞ்சருக்கும் அது ஓடுற குழிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான், தலைமுடி தடிமன்ல இருவதுல ஒரு பங்கு கூட வராது, அங்க துரு வந்தா பாலிஷ் போட்டு சரி பண்ற வேலையே கிடையாது. பம்ப் ஹெட் புதுசு, நாசில் நாலும் புதுசு. நாசில் நுனி ஏன் போச்சுன்னா, தண்ணி அந்தச் சூட்டுல பட்டுன்னு ஆவியாகும், அந்த வெடிப்பு நுனிய அரிச்சிரும். பில்லு தொகைய நான் எழுதல, அத்தான் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வச்சிருந்த பணம் அதுல போச்சு, அது போதும்.

அந்தக் கடைக்காரரு சொன்ன ஒரு விசயத்துலதான் எனக்கு இந்த ஒப்பீடே தெளிவாச்சு. எல்லா பம்ப்பும் ஒண்ணு இல்ல. பழைய டாட்டா 407 மாதிரி வண்டியில வர்ற இன்லைன் பம்ப்புல (பிளஞ்சர் எல்லாம் வரிசையா நிக்கிற வகை) பிளஞ்சரத் தூக்கிவிடுற கேம் ஓடுற அடிப்பகுதிக்கு எஞ்சின் ஆயில் போகும், டீசல் படுறது பிளஞ்சர்ல மட்டும்தான், அதனால கொஞ்சம் தண்ணிய தாங்கும். ரோட்டரி பம்ப்புக்கு உள்ள இருக்குற அத்தனை பாகத்துக்கும் டீசல்தான் ஆயில், டீசலோட வழுவழுப்புலதான் அது வாழுது. அதுக்குள்ள தண்ணி போறது எஞ்சின்ல ஆயிலுக்குப் பதிலா தண்ணி ஊத்துற மாதிரி. லாரி மெக்கானிக் ஒருத்தரு "நான் எத்தனையோ வண்டியில கழட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னா அவரு பொய் சொல்லல, அவரு பாத்தது வேற பம்ப். உங்க வண்டி இன்லைன் பம்ப், மெயின் ஃபில்டர் அடியில டிரெயின் போல்ட்டு இருக்கு, நீங்க அத ஒழுங்கா தொறந்து விடுறீங்கன்னா தனிக் கப்ப கழட்டுனா பெருசா குடி முழுகாது. ரோட்டரின்னா கழட்டவே கழட்டாதீங்க. காத்து போனா வண்டி காலையிலயே சொல்லிரும், தண்ணி போனா மலை ஏத்தத்துல நிக்கிற வரைக்கும் சொல்லாது.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, ஒரிஜினல் தலை கெடைக்கல, இல்ல விலை கட்டுப்படியாகலன்னா. அடியில டிரெயின் காக் இருக்குற, திருகி மாட்டுற ஸ்பின்-ஆன் ஃபில்டர், கூட அலுமினிய தலை, சேத்து மாட்டுறது. அத்தான் வண்டியில இப்ப இருக்குறது அதுதான், நாந்தான் கூட இருந்து மாட்டுனேன். பெரிய வண்டி ஃபில்டர்ங்கறதால தண்ணி தங்க எடம் அதிகம், ஃபில்டரும் எந்தக் கடையிலயும் கெடைக்கும். கொறை என்னன்னா லைட் வராது, நாமதான் நாள் கணக்கு வச்சு வடிக்கணும், இன்னொண்ணு ஓஸ் சைஸ் மாறும், சைஸ் சேராத ஓஸ கிளிப்பு போட்டு நெருக்கி மாட்டுனா மறுபடி ஏர் எடுக்கும், பழைய கதைதான். பைக்குக்கு போடுற பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர நடுவுல சொருகுறாங்களே, அத மட்டும் செய்யாதீங்க, அது தண்ணிய நிறுத்தவும் செய்யாது, டீசல் ஓட்டத்தையும் கொறைக்கும்.

ஒரிஜினல வச்சுக்குறவங்க லைட்ட நம்பி உக்காராதீங்க. சாவி போட்டதும் மத்த லைட்டோட சேந்து இதுவும் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க, பழைய வண்டியில முக்காவாசி ஒயர் அறுந்துதான் கெடக்கும். வருசத்துக்கு ஒருதடவை சாரல் தொடங்குறதுக்கு முன்னாடி டேங்க் அடி போல்ட்டையும் தொறந்து விடுங்க. டிரெயின் காக்க கையால மட்டும் இறுக்குங்க, பிளையர் போட்டா பிளாஸ்டிக் மரை போயிரும்.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவா ஒரே குழாய்ல டீசல அழுத்தி வைக்கிற புது வகை) வண்டி வச்சிருக்குறவங்களும் சில பேரு இதே கேள்விய கேக்குறாங்க. அதுல ரெயில் பிரஷர் ஆயிரம் பாருக்கு (ஒரு பார்ங்கறது ஏறக்குறைய நம்மள சுத்தி இருக்குற காத்தோட அழுத்தம்) மேல போகுது, ஒரு இன்ஜெக்டர் விலையில எங்க பழைய வண்டிக்கு ஒரு செட்டு டயரே வாங்கலாம். அங்க கழட்டுறதப் பத்தி யோசிக்கவே வேணாம், ஃபில்டர சொன்ன கிலோமீட்டருக்கு மாத்துங்க, தண்ணி லைட் எரிஞ்சா அங்கயே ஓரங்கட்டி வடிச்சுட்டு எடுங்க.